கல்லில் நானா, வீட்டில் மதினி

மே மாதம் வந்தால் எனக்கு அலுப்பும் கூடவே வந்துவிடும். மாத்தளைக் கடைவாசல்களில் வெசாக் விளக்குக் கூடுகளைத் தொங்கவிடத் தொடங்கினாலே போதும். இன்னும் சில நாளில் அழைப்பு வரும், உம்மா போன் எடுப்பார், "மகள், இந்த முற எத்தின மணிக்காம்?" என்று கேட்பார். எல்லாம் தெரிந்த கதைதான். படைவீரர் நினைவுத்தூபியில் வருஷா வருஷம் ஒரு வைபவம் நடக்கும். யுத்தத்தில் செத்தவர்கள், காணாமல்போனவர்கள் எல்லாருடைய குடும்பங்களையும் அதற்குக் கூப்பிடுவார்கள். அந்தக் கல்லில் என் நானாவின் பெயரும் இருக்கிறது. எங்களில் அண்ணனை நானா என்போம். எனக்கு இருந்தது ஒரே நானா.

அலுப்பு என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. முதல் இரண்டு மூன்று வருஷம் அழுதுகொண்டு போனேன். பிறகு அழாமல் போனேன். இப்போது முதுகுவலியோடு போகிறேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்குத் தைத்துக் கொடுக்கவேண்டிய உடுப்புகள் மிசினுக்குப் பக்கத்தில் குவிந்து கிடக்கும். அதையெல்லாம் விட்டுவிட்டு, காலையில் ஆறரைக்கே போய், ஒன்பதரைக்கு வருகிற பெரிய மனிதருக்காக கூடாரத்துக்குள் புழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். தியாகம் செய்தவர்களின் குடும்பங்களை இவ்வளவு நேரம் காக்க வைப்பதும் ஒரு மரியாதைதான் போல.

நான் இருப்பது மாத்தளை டவுனில். உம்மாவும் மதினியும் யட்டவத்தைப் பக்கம் எங்கள் பழைய வீட்டில் இருக்கிறார்கள். மதினி, நானாவின் பெண்சாதி. என்னைவிட வயதில் இளையவள்தான், ஆனாலும் முறை முறைதானே: எனக்கு அவள் மதினி, அவளுக்கு நான் மச்சி, உம்மா மாமி. வாப்பா மவுத்தாகிப் போய்ச் சேர்ந்த பிறகு உம்மாவை என்னோடு வைத்துக்கொள்ளலாம் என்று ஒருதரம் கூட்டிவந்தேன். என் வீட்டில் இரண்டே அறைகள். ஒன்றில் என் மாமியார், மற்றதில் நாங்கள், பிள்ளைகள், தையல் மிசின். ஓர் உறையில் இரண்டு கத்தி இருக்குமா? கறியில் உப்புக் கூடியதா குறைந்ததா என்பதில் தொடங்கிய சண்டை, உம்மா பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியதில் முடிந்தது. அன்றிலிருந்து உம்மாவுக்கு மதினிதான் எல்லாம். சுடுதண்ணி வைப்பது, முழங்காலுக்கு எண்ணெய் தடவுவது, கிளினிக்குக்குக் கூட்டிப்போவது எல்லாம் அவள்தான். நான் வருஷத்துக்கு ஒருதரம் தூபிக்குக் கூட்டிப்போகிற மகள்.

முஸ்லிம் பொடியனுக்கு ஆமியில் என்ன வேலை என்று இன்றைக்கும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். என்ன வேலையா? வேறு வேலை கிடைக்கவில்லை, அதுதான் வேலை. மிளகுக் கடையில் சாக்குத் தூக்கித் தூக்கி அவனுக்கு அலுத்துவிட்டது. ஆள் நல்ல உயரம். சிங்களம் தண்ணீர்பட்டபாடு. தமிழும் தெரிந்தவன் என்றதும் உடனே எடுத்துக்கொண்டார்கள். வாப்பா ஒரு மாதம் அவனோடு பேசவில்லை. முதல் லீவில் அவன் சீருடையோடு வந்து நின்றபோது, அதே வாப்பா அவனைத் தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிப்போய் நடுவில் உட்கார வைத்து ஊருக்கே காட்டினார். பிறகு கல்யாணம் நடந்தது. இரண்டு லீவுக்கு வந்து போனான். அவ்வளவுதான் மதினியின் குடும்ப வாழ்க்கை.

யுத்தம் முடிகிற காலத்தில் வடக்கில் எங்கேயோ ஒரு சண்டையில் நானா காணாமல்போனான். இரண்டு அதிகாரிகள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்கள். அவர்கள் சிங்களத்தில் சொன்னதை உம்மாவுக்கு நான்தான் தமிழில் சொன்னேன். பெரிய சண்டை, நிறையப் பேர் செத்துப்போனார்கள், நானாவின் உடல் கிடைக்கவில்லை. உம்மா அழவில்லை. "காணல்லன்னாத் தேடச் சொல்லு. மவுத்துன்னா மையத்தக் காட்டச் சொல்லு" என்றார். அதையும் நான்தான் அவர்களுக்குச் சிங்களத்தில் சொன்னேன். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கொஞ்ச காலத்துக்குப் பிறகு, இறந்துவிட்டதாகவே கொள்ளவேண்டும் என்று எழுத்தில் வந்தது. பள்ளிவாசலில் காயிப் ஜனாஸா தொழலாம் என்று பேசிக்கொண்டார்கள். மையத்து முன்னால் இல்லாவிட்டாலும், தூரத்தில் மவுத்தானவருக்காகத் தொழுகிற தொழுகை அது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு என்று முடிவாயிற்று. உம்மா குடையைப் பிடித்துக்கொண்டு பள்ளி வாசலுக்கே போய்விட்டார். எங்கள் ஊரில் பெண்கள் அங்கே போய் நிற்பதில்லை. "என்ட மகன் உசிரோட இரிக்கக்குள்ள அவனுக்கு ஜனாஸா தொழுதா, நாளைக்கி மஹ்ஷர்ல அல்லாஹ்ட முன்னால ஒவ்வொருத்தர்ட கழுத்தையும் புடிப்பேன்" என்று சத்தம் போட்டார். தொழுவிக்கிற லெப்பை பயந்துபோனார். பெத்தவளின் வயிறெரிச்சல் நமக்கு வேண்டாம் என்று பெரியவர்கள் கலைந்தார்கள். உம்மா வீட்டுக்கு வந்து, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜனாஸா இல்லை என்றானதும் மற்றதும் இல்லாமல்போயிற்று. மவுத்தானவர் பேரில் ஓதுகிற கத்தம் ஓதவில்லை. மதினி இத்தா இருக்கவில்லை. புருஷன் மவுத்தான பெண் நாலு மாசம் பத்து நாள் வெள்ளை உடுத்து, அந்நிய ஆண்கள் முன்னால் வராமல் வீட்டோடு இருக்கவேண்டும். அதுதான் இத்தா. அது முடிந்தால் அவள் தன் பாட்டைப் பார்க்கலாம், இன்னொரு கல்யாணமும் செய்யலாம். இத்தாவே இருக்காதவள் எப்படி விதவையாவாள்? விதவையாகாதவளை எவன் பெண் கேட்டு வருவான்? "பொறுமக்காரி, புருஷனுக்காகக் காத்திட்டு இரிக்கிறா" என்று ஊர் மெச்சியது. ஊர் வாய்க்கு என்ன, மெச்சுவதற்குக் காசா பணமா? அந்த மெச்சுதலைக் கேட்டுக்கேட்டே மதினிக்கு நாற்பது தாண்டிவிட்டது.

இந்த வருஷம் அழைப்பு வருவதற்கு முன்பே மதினி என் வீட்டுக்கு வந்தாள். அபாயா தைக்க அளவு கொடுக்க வந்ததாகச் சொன்னாள். கை அளவு எடுக்கும்போது என் மாமியார் அடுத்த அறையில் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு, மெதுவாக விஷயத்தைச் சொன்னாள். கலேவெலயில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்கிற ஒருவர். பெண்சாதி மவுத்து, பிள்ளைகள் கட்டிப்போய்விட்டார்கள். மதினியின் நானா மூலமாகக் கேட்டிருக்கிறார். எங்கள் கல்யாண வழக்குகளைப் பார்க்கிற காதியாரிடமும் விசாரித்துவிட்டார்களாம். ஆமியின் கடிதத்தைக் கொண்டுவந்தால் மவுத்து என்று தீர்ப்புச் சொல்லுவார், அன்றிலிருந்து இத்தா, இத்தா முடிந்தால் நிக்காஹ்.

"உங்களுக்கு விருப்பமா?" என்று கேட்டேன்.

"விருப்பம் என்ன மச்சி, கொமரியா நான்? பயமா இரிக்கி. மாமி மவுத்தாப் போனா நான் எந்த வீட்டுல இரிக்கிற? அது உங்கட வாப்பாட வீடு. பிள்ள குட்டி இரிந்தா எனக்கும் ஒரு பாத்தியத இரிக்கும். எனக்கு யார் இரிக்கிற?"

நான் அளவு நாடாவைச் சுருட்டினேன்.

"நீங்க மாமிக்கிட்டப் பேசுங்க. தூபிக்குப் போற அன்னைக்கிப் பேசுங்க. அங்க வெச்சுச் சொன்னா வெளங்கும். நானும் வாறேன்."

அதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷத்தில் மதினி ஒருதரம்கூடத் தூபிக்கு வந்ததில்லை. உம்மா விட்டதில்லை. புருஷன் உயிரோடு இருக்கிறவளுக்கு அங்கே என்ன வேலை என்பார். அப்படியானால் மகன் உயிரோடு இருக்கிற உம்மாவுக்கு என்ன வேலை என்று நான் ஒருதரம் கேட்டிருக்கிறேன். "அவனோட இரிந்த பொடியனுங்க வருவாங்க. கேட்டாத்தானே தெரியும்" என்றார். அதற்காகத்தான் போவார். போய், சீருடையைக் கண்டால் நிறுத்திக் கேட்பார்.

வைபவத்தன்று பஸ் ஸ்டாண்டில் காத்துநின்றேன். உம்மா முன்னால் இறங்கினார். கறுப்பு அபாயா, குடை, தண்ணீர்ப் போத்தல், பிளாஸ்டிக் உறை போட்ட நானாவின் படம். பின்னால் மதினி இறங்கினாள். உம்மாவின் முகம் கடுகடுவென்று இருந்தது.

"இவளுக்கும் வரணுமாம். நேத்திலேரிந்து ஒரே புடிவாதம். கல்லப் பாத்து என்ன செய்யப் போறா? கறி ஆக்கவா?"

"வரட்டுமே உம்மா. வந்தா என்ன கொறஞ்சிரும்?"

"நீதான் சொல்லிக்குடுத்திருப்ப" என்றார். நான் தண்ணீர்ப் போத்தலை வாங்கிக்கொண்டு நடந்தேன். கல்லில் நார் உரிக்கிற வேலை காத்திருந்தது, காலையிலேயே எதற்குக் களைக்க வேண்டும்?

வாசலில் பையைச் சோதித்தார்கள். சில வருஷங்களுக்கு முன்பு, ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு, எங்கள் முக்காட்டைக் கண்டாலே ஒரு மாதிரிப் பார்த்த காலம் ஒன்று இருந்தது. அந்த வருஷம் உம்மா நானாவின் படத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நேரே உள்ளே நடந்தார். இப்போது அப்படியில்லை. ஆனாலும் உம்மா படத்தைக் கையிலேயே வைத்திருப்பார். சோதித்த பெண் அதைப் பார்த்ததும் பையைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

கூடாரத்தின் கீழே வெள்ளை உறை போட்ட கதிரைகள். நாங்கள் எப்போதும் பின்வரிசையில் உட்காருவோம், உம்மாவுக்கு ஓரத்தில் மின்விசிறிக் காற்று வேண்டும். வருஷா வருஷம் பக்கத்தில் ஒரு சிங்கள அம்மா வந்து உட்காருவார். அவருடைய மகனும் அதே கல்லில் இருக்கிறான். இலையில் மடித்து அவித்த ஹலப்ப கொண்டுவந்து உம்மாவுக்கு ஒன்று கொடுப்பார். உம்மாவின் சிங்களம் தட்டுத் தடுமாறும், அந்த அம்மாவுக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. இருந்தும் முழங்கால் வலியைப் பற்றி இரண்டு பேரும் மணிக்கணக்கில் பேசுவார்கள். இந்த முறை அவர் மதினியைப் பார்த்து யார் என்று கேட்டார்.

"மகே லேலி" என்றார் உம்மா. என் மருமகள் என்று அர்த்தம்.

அந்த அம்மா மதினியின் கையைப் பிடித்துக்கொண்டார். "அனே, பவ்" என்றார். ஐயோ பாவம் என்று சொன்னதுதான். உம்மாவுக்குப் பொறுக்கவில்லை. இவள் பாவமில்லை, இவளுடைய புருஷன் வருவான் என்று தெரிந்த சிங்களத்தில் வெட்டிச் சொன்னார். அந்த அம்மா மதினியின் கையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

தண்ணீர்ப் போத்தல் கொண்டுவந்த சிப்பாயை உம்மா நிறுத்தினார். படத்தைக் காட்டினார். இவனைக் கண்டிருக்கிறாயா, கடைசிச் சண்டையில் நீ இருந்தாயா என்று கேட்டார். அந்தச் சிப்பாய் படத்தை மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தான். "அம்மே, அப்ப நான் ஸ்கூல்ல ரெண்டாம் வகுப்பு" என்று சிங்களத்தில் சொன்னான். எனக்குச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. நானாவோடு இருந்தவர்கள் எல்லாம் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். இனி இங்கே வருகிறவர்களில் யாரிடம் கேட்பது?

இதுதான் நேரம் என்று நினைத்து உம்மாவின் பக்கம் குனிந்தேன்.

"உம்மா, ஒரு விசயம் பேசணும்."

"இப்ப ஒன்னும் பேசாத. பெரியவங்க வாறாங்க."

பெரியவர்கள் வந்தார்கள். கொடி ஏறியது. பேச்சு நடந்தது, அதற்குமேல் இன்னொரு பேச்சும் நடந்தது. பிக்குமார் பிரித் ஓதினார்கள். ஐயர் ஒருவர் மந்திரம் சொன்னார், பாதர் செபம் சொன்னார். கடைசியில் மவ்லவி மைக்கைப் பிடித்தார். அவர் தமிழில் துஆக் கேட்பார். யா அல்லாஹ், இந்த நாட்டுக்காக மவுத்தானவர்களைப் பொருந்திக்கொள்வாயாக, அவர்களின் குடும்பங்களுக்குப் பொறுமையைத் தருவாயாக என்று.

மவ்லவி துஆக் கேட்டால் நாம் கையேந்தி ஆமீன் சொல்லவேண்டும். உம்மா சொல்லமாட்டார். மவுத்தானவர்களுக்கு ஓதுகிற துஆவுக்கு ஆமீன் சொன்னால் மகன் மவுத்து என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் இரண்டு கையையும் பொத்தி மடியில் வைத்துக்கொண்டு, நேரே பார்த்தபடி இருப்பார். முதல் வருஷத்திலிருந்தே அப்படித்தான். நான் நடுவில் மாட்டிக்கொண்டு, பாதிக் கையை ஏந்தி, ஆமீனை வாய்க்குள் முணுமுணுப்பேன். அல்லாஹ்வுக்கும் பாதி, உம்மாவுக்கும் பாதி.

இந்த முறை எனக்கு அடுத்த கதிரையில் மதினி இரண்டு கையையும் முகத்துக்கு நேரே ஏந்தினாள். மவ்லவி முதல் துஆவை முடித்ததும், "ஆமீன்" என்றாள். முணுமுணுக்கவில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சொன்னாள்.

உம்மா மதினியின் கையைப் பார்த்தார்.

"கைய எறக்கு."

"ஏலா மாமி" என்றாள் மதினி.

அந்த வீட்டில் அவள் உம்மாவுக்கு ஏலாது என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. காய்ச்சலோடு படுத்திருந்தபோதுகூட, மாமி கூப்பிட்டால் எழும்பி வருகிறவள். மவ்லவி அடுத்த துஆவுக்குப் போய்விட்டார். மதினி மறுபடியும் ஆமீன் என்றாள், கண்ணீர் கன்னத்தால் இறங்கி நாடியில் சொட்டியது, அவள் துடைக்கவில்லை. நான் அன்றைக்கு முழுக் கையும் ஏந்தினேன். பயத்தில் ஏந்தினேனா பரிவில் ஏந்தினேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

துஆ முடிந்ததும் குடும்பத்தவர்களைப் பூ வைக்கக் கூப்பிட்டார்கள். சிங்கள அம்மா தாமரை மொட்டோடு எழும்பினார். உம்மா எழும்பவில்லை. மதினி எழும்பி, "மச்சி, பேர் எங்க? காட்டுங்க" என்றாள். உம்மாவைத் தாண்டித்தான் போகவேண்டும். உம்மா காலை மடக்கி வழி விட்டார், எங்களைப் பார்க்கவில்லை.

கறுப்புக் கல்லில் வரிசை வரிசையாகப் பெயர்கள், எல்லாம் சிங்கள எழுத்தில். மதினிக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. நான் நானாவின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, அவளுடைய விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தேன். பின்னால் ஆட்கள் பூவோடு நெருக்கினார்கள். அவள் நகரவில்லை. உள்ளங்கையை விரித்துப் பெயரை மூடிக்கொண்டு பாத்திஹா ஓதினாள். ஓதி முடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"கல்லு சுடுது மச்சி" என்றாள். "இவ்வளவு சூட்டுல நிக்கிறாரே."

அவ்வளவு நேரம் அடக்கிக்கொண்டிருந்த எனக்கு அதைக் கேட்டதும் உடைந்துவிட்டது. பூ வைக்க வந்த ஒருவர் எங்களைக் கொஞ்சம் ஒதுங்கச் சொன்னார், ஒதுங்கி நின்று அழுதோம். அழுது முடிந்தபோது வழக்கமான அலுப்பு மறுபடியும் வந்து தோளில் ஏறியது. சாப்பாட்டுப் பார்சல் கொடுத்தார்கள், நடுவதற்கு ஒரு பலாக்கன்று கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது உம்மா அதே கதிரையில், பையை மடியில் வைத்துக்கொண்டு, அப்படியே இருந்தார்.

வழக்கமாக நான் அவரை பஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன். அன்றைக்கு அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தது எனக்குப் பயமாக இருந்தது, நானும் கூடவே ஏறினேன். மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் உம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தார், மதினி இரண்டு சீட் தள்ளி, பலாக்கன்றைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். யட்டவத்தை வரும்வரை மூன்று பேரும் மூன்று திசையைப் பார்த்துக்கொண்டு போனோம். இனி இந்த வீட்டில் என்ன நடக்கப்போகிறதோ, இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்களோ என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மதினி நனைந்த முக்காட்டைக்கூட மாற்றாமல் நேரே குசினிக்குப் போய்விட்டாள். உம்மா கட்டிலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார்.

"அலுமாரியில மேல்தட்டுல வெள்ளத் துணி ஒன்னு இரிக்கி. எடு."

எடுத்தேன். கடை மடிப்புக் கலையாத வெள்ளைத் துணி. எனக்கு அதைத் தெரியும். தன்னுடைய மையத்தைச் சுற்றுகிற கபனுக்கென்று உம்மா வாங்கி வைத்திருந்தது. பயந்துபோனேன்.

"இது என்னத்துக்கு உம்மா?"

"அவளுக்கு ரெண்டு சட்ட தை. இத்தாவுக்கு வெள்ள வேணுமே. எனக்குப் பொறகு வாங்கலாம், நான் என்ன நாளைக்கேவா போகப் போறேன்?"

நான் துணியோடு நின்றேன். காதியார் கேட்கிற கடிதம் தலகாணிக்குக் கீழே இருக்கிறது, அதையும் எடுத்துக்கொள் என்றார். இத்தா முடிகிற வரைக்கும் அந்தக் கலேவெலயாள் இந்தப் பக்கம் தலை காட்டக்கூடாது என்றும் சொன்னார்.

"உங்களுக்கு யார் சொன்ன?"

"மருமகள் போன்ல மெதுவாப் பேசினா மாமிக்குக் காது நல்லாக் கேக்கும்."

"அப்ப நானா..."

"அந்த ரெண்டு பேரும் தொப்பியக் கையில புடிச்சிட்டு வாசல்ல நிக்கக்குள்ளயே எனக்கு வெளங்கிரிச்சி. பெத்தவளுக்குத் தெரியாதா?" உம்மா முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். "பள்ளியில தொழ விடாம சத்தம் போட்டுட்டு வந்து, அன்னைக்கே கதவச் சாத்திட்டு நான் தனியாத் தொழுதேன். என்ட புள்ளைக்கு ஜனாஸா இல்லாமப் போகல்ல."

"தூபியில எல்லார்க்கிட்டயும் கேட்டீங்களே?"

"எப்பிடி மவுத்தானான்னு ஒருத்தனாவது சொல்லுவான்னு பாத்தேன். தண்ணி கேட்டானா, உம்மான்னு சொன்னானா. அதத்தான் கேட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. துக்கத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. குசினியில் மதினி தேங்காய் திருவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. குரலை அடக்கிக்கொண்டு, "அப்ப என்னத்துக்கு உம்மா? இவ்வளவு காலமும் அவங்கள ஏன் கட்டிப்போட்டீங்க? அல்லாஹ்வுக்குப் பயமில்லையா?" என்றேன்.

"பயந்தான். அதுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்." உம்மா குசினிப் பக்கம் பார்த்தார். "அவன மவுத்துன்னு சொன்னா இவ இத்தா இரிப்பா. இத்தா முடிஞ்சா இவட நானா வந்து கூட்டிட்டுப் போயிருவான். நான் யாரோட இரிக்கிற, மகள்?"

கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார். பதிலுக்காகத்தான் பார்த்தார். என் வீட்டு அறை கண்ணுக்கு முன்னால் வந்தது. மிசினை எங்கே தள்ளுவது, இன்னொரு கட்டிலை எந்தச் சுவரோரம் போடுவது, மாமியாரிடம் என்ன சொல்வது என்று மனம் ஓடியது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் பிந்தினேன்.

"என்னோட வந்து இருங்க உம்மா" என்றேன்.

"சரி மகள்" என்றார் உம்மா. என் முகத்திலிருந்து கண்ணை எடுத்துவிட்டார். "குசினிக்குப் போய் அவட அளவ எடுத்துக்க. நேரமாகுது, ஒனக்கு பஸ் போயிரும்."